முத்திரை சொல்லும் வழி

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்தார். "மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர் ஆளு. ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் குடு. கவிதை மட்டும் வேணாம், அது ஏற்கெனவே நிறைய வந்து கிடக்கு" என்றார். எனக்கு ராஜராஜ சோழனும் தெரியாது, ராபர்ட் கிளைவும் தெரியாது. முப்பது வருஷமாகக் கேபிளோடும் ஸ்விட்சோடும் காலம் தள்ளிய ஆள். எனவே எனக்குத் தெரிந்த ஒரே சரித்திரத்தை எழுதுகிறேன். ஒரு செய்தி எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கிற வித்தையின் சரித்திரம் அது. இந்த வித்தை இல்லாவிட்டால் அடியேன் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தே இருக்க மாட்டேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் செட்டில் பலருக்கு என்னை 'ஏற்காட்டான்' என்றுதான் தெரியும். உண்மையில் எனக்கு ஊர் ஏற்காடு இல்லை. சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை. காப்பித் தோட்டமும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், காலை ஒன்பது மணி வரை விலகாத பனியும்தான் எங்கள் சொத்து. அப்பா தபால் இலாகாவில் ஈ.டி. ஊழியர். ஏற்காட்டிலிருந்து தபால் பையைத் தூக்கிக்கொண்டு மலைக் கிராமங்களுக்கு நடப்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு கவரைக் கையில் கொடுத்தால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கேதான் முத்திரைகள் இருக்கும்.

1988 ஜூலையில் நான் நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியலுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இன்டர்வியூ கார்டு வரவேயில்லை. ஜூலை 15-ஆம் தேதி சாயங்காலம் அப்பாவே அந்தக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால், இன்டர்வியூ 14-ஆம் தேதி! முதல் நாளே முடிந்துவிட்டது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அப்பா மட்டும் கவரைச் சிமினி விளக்குக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேலத்துல நாலாந்தேதி போட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரியே ஆர்.எம்.எஸ். முத்திரை இருக்கு. அப்புறம் இந்தா பாரு, எட்டாந்தேதி நம்ம ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆபீஸ் முத்திரை. இன்னிக்குத்தான் ஏற்காடு. கடுதாசி தூங்கலைடா தம்பி, வழி மாறிப் போயிருக்கு" என்றார். அந்த ஊர்ப் பேர் இப்போது வேண்டாம். யாரோ ஒருவர் அவசரத்தில் வேறு பையில் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் விடியுமுன்னே டார்ச் அடித்துக்கொண்டு ஏற்காட்டுக்கு நடந்து, முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்தோம். கல்லூரி ஆபீசில் இருந்தவர் "சீட்டெல்லாம் முடிஞ்சு போச்சு, வெயிட்டிங் லிஸ்ட்தான்" என்று கையை விரித்தார். அப்பா முதல்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேசவில்லை, கவரைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முத்திரையாகப் படித்தார். பிறகு கவரை முன்பக்கம் திருப்பி விலாசத்தைப் பார்த்தார். "பின்கோடு எழுதலையே. எழுதாம அனுப்பினது நாமதான். தப்பு நம்ம பக்கம்" என்றார். எனக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கவர் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. ஒரு செய்தி கடந்துவந்த வழியை அந்தச் செய்தியே சுமந்து வந்தால், ஏழைக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். (இயற்பியலில் நான் கற்றது அதைவிடக் கொஞ்சம் குறைவுதான் என்பது என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன்.

அஞ்சல் குறியீட்டு எண், அதாவது பின்கோடு, நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஏற்காட்டுக்கு 636601. இதில் முதல் 6, நாட்டின் தென்கோடி மண்டலத்தைக் குறிக்கும். 636 என்றால் சேலம் வட்டாரத்துத் தபாலைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று எண் ஏற்காடு அஞ்சலகம். டில்லியில் தபால் பிரிக்கிறவருக்கு ஏற்காடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. 6-ஐப் பார்த்துத் தெற்கே தள்ளினால் போதும். சேலத்துக்காரர் கடைசி மூன்று எண்ணைப் பார்த்துக்கொள்வார். யாருக்கும் முழு வழி தெரியாது. ஒவ்வொருவருக்கும் அடுத்த அடி மட்டும் தெரியும். இன்டர்நெட்டில் ரௌட்டர் என்று சொல்கிறார்களே, அது செய்வதும் இதே வேலைதான். விலாசத்தின் முன்பகுதியைப் பார்த்து, அடுத்து யாரிடம் தள்ளுவது என்று முடிவு செய்யும்.

செய்தியைச் சிறுசிறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் எழுதித் தனித்தனியாக அனுப்பலாம் என்ற யோசனை 1960-களில் பிறந்தது. அமெரிக்காவில் ரேண்ட் நிறுவனத்தில் பால் பாரன் 1964-ல் இதை விரிவாக எழுதினார். போரில் பாதி இணைப்பகங்கள் அழிந்தாலும் மீதி வழிகளில் செய்தி போய்ச்சேர வேண்டும் என்பது அவர் கவலை. அதே சமயத்தில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் தனியே அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பேர் வைத்தவர் அவர்தான். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு அர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது. 'லாகின்' என்று அடிக்கப் பார்த்தார்கள். இரண்டு எழுத்து போனதும் எதிர்ப்பக்க இயந்திரம் படுத்துவிட்டது. ஆக, நெட்வொர்க் பிறந்த அன்றே "ஏன் வரலை, எங்கே நின்னுச்சு?" என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

நம் நாட்டில் 1986-ல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலையைத் தொடங்கியது. முதலில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. பின்கோடு பிறந்த அதே தேதி! அந்த டயல்-அப் மோடத்தின் கீச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 1981 செப்டம்பரில் இன்டர்நெட்டின் அடிப்படை விதி எழுதப்பட்டபோது, பாக்கெட்டின் தலைப்பில் இரண்டு வசதிகள் வைத்தார்கள். ஒன்று, அப்பாவின் முத்திரை மாதிரியே: வழியில் ஒவ்வொரு ரௌட்டரும் தன் விலாசத்தைப் பாக்கெட்டில் பதிக்கலாம். ஆனால் இடம் ஒன்பது விலாசத்துக்குத்தான்; கவர் சின்னது! இதை மதிக்கும் ரௌட்டர்கள் நாளடைவில் குறைந்தும் போயின. இன்னொன்று, ஆயுள் எண். பாக்கெட் புறப்படும்போது அதற்கு 255-க்கு மிகாமல் ஓர் எண் கொடுப்பார்கள். ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்று கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஐயா, உங்கள் பாக்கெட் என்னிடம் வந்து ஆயுள் முடிந்து போனது" என்று அனுப்பியவருக்கு ஒரு கடுதாசி போடும். வழி தவறிய பாக்கெட் வட்டமடித்துக்கொண்டே காலமெல்லாம் சுற்றாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் என்பவர், ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனையை வைத்து இந்தச் சாவுச் செய்தியையே வழிகாட்டியாக்கினார். முதல் பாக்கெட்டுக்கு ஆயுள் ஒன்று. அது முதல் ரௌட்டரில் சாகும். அவர் பேர் தெரிந்துவிடும். அடுத்ததற்கு ஆயுள் இரண்டு. இரண்டாமவர் பேர் தெரியும். இப்படி ஒவ்வொன்றாகச் சாகவிட்டே முழு வழியையும் கண்டுபிடிக்கலாம். அதுதான் 'டிரேஸ்ரௌட்'. 1988 டிசம்பர் தேதியிட்ட அந்த புரோகிராமின் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்: ஏதோ ஒரு வழிப் பிரச்சினையைத் தேடிக்கொண்டு 48 மணி நேரம் தூங்காமல் கிடந்ததில் பிறந்தது இது, இதைப் பார்த்து யாரும் புரோகிராம் எழுதப் பழகாதீர்கள் என்று! நான் முதலாண்டு இயற்பியல் லேபில் ஊசல் ஆட்டிக்கொண்டிருந்த அதே டிசம்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பாவின் கவரில் இருந்தது ஒரே கடிதத்தின் நான்கு முத்திரை. டிரேஸ்ரௌட்டில் கிடைப்பது வேறு வேறு கடிதங்கள் சொன்ன தனித்தனி வாக்குமூலம். எல்லாக் கடிதமும் ஒரே வழியில் போகிறவரை இரண்டும் ஒன்றுதான். அப்படிப் போகாவிட்டால்? இந்தக் கேள்வியைக் கேட்காததால் நான் ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லுமுன் டேட்டா சென்டர் என்பது எப்படிக் கட்டப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1953-ல் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் குளோஸ் என்பவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக ஒரு கணக்குப் போட்டார். ஒரே பெரிய ஸ்விட்சுக்குப் பதிலாகச் சின்ன ஸ்விட்சுகளை மூன்று அடுக்காக இணைத்தால், யாருடைய அழைப்பும் இன்னொருவர் அழைப்பை மறிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கணக்கு. 1985-ல் சார்லஸ் லீசர்சன் இதே போக்கில் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காக 'கொழுத்த மரம்' என்றொரு வலையைச் சொன்னார். சாதாரண மரத்தில் மேலே போகப்போகக் கிளை மெலியும். இதில் அடிமரத்தை நோக்கிப் போகப்போகப் பாதை அகலமாகும்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. நாம் கேட்ட திறனுள்ள கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்ததை அடுத்து, 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 வந்தது. அதில் டிரான்ஸ்ப்யூட்டர் என்ற சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கே கைகள், நான்கு அண்டை வீட்டாரை மட்டும் தொடலாம். தூரத்துச் சில்லுக்குச் செய்தி போக வேண்டுமானால் கைமாறிக் கைமாறித்தான் போக வேண்டும், எங்கள் மலையில் பை கைமாறுகிற மாதிரி. பிறகு அவர்கள் பரம்நெட் என்று சொந்தமாகவே அதிவேக இணைப்பு வலை செய்தார்கள். அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்ட பரம் பத்மா, 2003 ஜூனில் உலகின் 500 பெரிய கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 171-ஆம் இடம் பிடித்தது. ஆயிரம் கம்ப்யூட்டரைச் சேர்த்துவைப்பது பெரிதில்லை. அவற்றுக்கு நடுவே வழி போடுவதுதான் பெரிது என்பதை நாம் அப்போதே புரிந்துகொண்டிருந்தோம்.

2008-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் அல்-ஃபாரெஸ், லூகிசாஸ், வாதாத் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ராட்சச ஸ்விட்ச் எதுவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் 48 வாசல் ஸ்விட்சுகளை மட்டும் வைத்தே 27,648 சர்வர்களை இணைக்கலாம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த அமைப்பில் ஒரு தொகுதியில் உள்ள சர்வரிலிருந்து வேறு தொகுதியில் உள்ள சர்வருக்குப் போக எத்தனை வழி தெரியுமா? 576. எல்லாம் சம தூரம், சம அகலம்.

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க நமக்குத் தெரிந்தது இரண்டு தார்ரோடு: கொண்டை ஊசி வளைவு வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. மழையில் மண் சரிந்து ஒன்று அடைபட்டால் இன்னொன்று. இங்கே 576 ரோடு. எந்த பாக்கெட் எந்த ரோட்டில் போவது? ஸ்விட்ச் என்ன செய்யுமென்றால், அனுப்புநர் விலாசம், பெறுநர் விலாசம், இரு பக்கத்துக் கதவு எண்கள், என்ன வகைச் செய்தி என்ற ஐந்தையும் கலக்கி ஒரு கணக்குப் போடும். விடை எந்த எண்ணோ அந்த வழி. ஐந்தும் மாறாதவரை அந்த உரையாடல் முழுவதும் ஒரே வழியில் போகும். ஐந்தில் ஒன்று மாறினாலும் வழி மாறலாம்.

இனி என் கதை. 2013-ல் நான் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் நெட்வொர்க் பொறுப்பில் இருந்தேன். நிறுவனப் பெயர் அவசியமில்லை. எங்கள் வலை சின்னது. ஒவ்வொரு தொகுதியிலும் நடு அடுக்கில் இரண்டு ஸ்விட்ச், எல்லாத் தொகுதிக்கும் பொதுவாக உச்சியில் நான்கு ஸ்விட்ச். முதல் நடு ஸ்விட்சிலிருந்து உச்சி ஒன்றுக்கும் இரண்டுக்கும் கேபிள். இரண்டாவது நடு ஸ்விட்சிலிருந்து உச்சி மூன்றுக்கும் நான்குக்கும் கேபிள். ஆக, தொகுதிக்குத் தொகுதி நான்கு வழி.

ஒரு ராத்திரி பராமரிப்பு வேலை. தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம், புது கேபிள்களை அவன்தான் செருகினான். மறுநாள் காலையிலிருந்து வாடிக்கையாளர்கள் புகார். நாலு பேரில் ஒருத்தருக்கு எல்லாம் இழுவை, மற்ற மூணு பேருக்கு ஒன்றுமில்லை. டிரேஸ்ரௌட் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது வரியில் முதல் நடு ஸ்விட்ச். மூன்றாவது வரியில் உச்சி மூன்று. அந்த இரண்டுக்கும் நடுவே கேபிளே இருக்கக் கூடாது! வரைபடத்தில் இல்லாத வழியில் செய்தி போகிறதென்றால் என்ன அர்த்தம்? பையன் கேபிளை மாற்றிச் செருகிவிட்டான். இதில் சந்தேகமென்ன?

மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "நான் லேபிளைப் பார்த்துப் பார்த்துத்தான் சார் மாட்டினேன்" என்று அவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "டிரேஸ் பொய் சொல்லுமாடா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். அவன் வீட்டுக்கு மூத்த பிள்ளை. தங்கச்சி படிப்புக்கு அவன் சம்பளம்தான். சாயங்காலத்துக்குள் வேலையை விட்டு அனுப்ப முடிவாகியது. அறிக்கை எழுத வேண்டியவன் நான்.

எழுதுமுன் கேபிளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாமென்று அந்த அலமாரிக்குப் போனேன். லேபிள் எல்லாம் சரி. செருகியது எல்லாம் சரி. விரலால் கேபிளைப் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டே போனேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் டிரேஸ் அப்படிச் சொல்லவில்லையே! அந்தக் குளிர் அறையில் நின்றபோது அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காட்சி ஞாபகம் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கவரா, மூன்று கவரா?

அங்கேதான் உறைத்தது. பழைய டிரேஸ்ரௌட், தான் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கதவு எண்ணை 33434-லிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். எந்தப் பதில் எந்த பாக்கெட்டுக்கு வந்தது என்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக. கதவு எண் மாறினால் ஸ்விட்சின் கணக்கு மாறும், வழியும் மாறும். இரண்டாவது வரியைச் சொன்ன பாக்கெட் முதல் நடு ஸ்விட்ச் வழியாகப் போனது. மூன்றாவது வரியைச் சொன்ன பாக்கெட் இரண்டாவது நடு ஸ்விட்ச் வழியாக உச்சி மூன்றுக்குப் போனது. இரண்டும் உண்மைதான் சொன்னன. இரண்டையும் ஒட்டவைத்து ஒரே பயணம் என்று படித்தது எங்கள் தப்பு. கொண்டை ஊசி வளைவில் ஒருத்தரையும், குப்பனூரில் இன்னொருத்தரையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு ரோடு இருக்கிறது என்று முடிவு கட்டின மாதிரி.

இதற்கு மருந்து 2006-லேயே வந்திருந்தது. பாரிஸில் பிரீஸ் ஒகுஸ்தேன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 'பாரிஸ் டிரேஸ்ரௌட்' என்று ஒன்று செய்தார்கள். அந்த ஐந்து அடையாளத்தையும் மாற்றாமல், பாக்கெட்டின் வேறோர் இடத்தில் குறி வைத்து அனுப்பும். அப்போது எல்லா பாக்கெட்டும் ஒரே வழியில் போகும். சாட்சிகளும் ஒரே பயணத்தைப் பற்றிப் பேசும். பிறகு வேண்டுமென்றே அடையாளத்தை மாற்றி அடுத்த வழி, அதற்கடுத்த வழி என்று ஒவ்வொன்றாக நடந்து பார்க்கலாம். அன்று மத்தியானம் அப்படித்தான் நான்கு வழியையும் தனித்தனியே நடந்தேன். மூன்று சுத்தம். நான்காவதில், இரண்டாவது நடு ஸ்விட்சுக்கும் உச்சி மூன்றுக்கும் நடுவே பாக்கெட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த வாசலின் பிழைக் கணக்கைப் பார்த்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். கழற்றிப் பார்த்தால் கண்ணாடி இழையின் முனையில் தூசி.

அந்த வாசலில் முந்தின ராத்திரி ஒளி அனுப்பும் தொகுப்பை மாற்றி, முனையைத் துடைக்காமல் செருகியவர் யார்? பையன் இல்லை. அவன் கேபிள் வேறு. அந்த ஒன்றை மட்டும் "நீ விடுப்பா, நேரமாச்சு, நானே மாட்டிடறேன்" என்று சொல்லி மாட்டியவன் அடியேன்.

ஒரு நிமிஷம் தயங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன். தூசியைத் துடைத்தாகிவிட்டது, புகார் நின்றுவிடும், காரணத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். அப்போது நம் முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "தப்பு நம்ம பக்கம்" என்று சொன்ன குரல் காதில் விழுந்தது. ஒரு மலைக் கிராமத்துத் தபால்காரரிடம் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அறிக்கையில் என் பேரை எழுதினேன். மேலதிகாரி திட்டினார், நியாயம்தான். பையன் வேலை தப்பியது. அவன் இன்று என்னைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறான், நன்றாக இருக்கட்டும்.

இந்தச் சரித்திரத்துக்கு இன்னும் ஓர் அத்தியாயம் உண்டு. சூப்பர் கம்ப்யூட்டர் கூடங்களில் இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக வலை இருக்கிறது. அதன் முதல் விதிநூல் வந்தது 2000-ல். அந்த வலைக்குள்ளே செய்திக்கு ஆயுள் எண் கிடையாது, ஆகவே சாகவிட்டு வழி கேட்க முடியாது. பதிலாக, ஒவ்வொரு ஸ்விட்சிடமும் போய், "இந்த விலாசத்துக்கு வந்தால் எந்த வாசலில் தள்ளுவாய், உன் அட்டவணையைக் காட்டு" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். கடிதத்தைத் தொடராமல் தபாலாபீஸ்களின் பிரிப்புப் பட்டியலைப் படிக்கிற முறை. போயிருக்க வேண்டிய வழி இதில் தெரியும். போன வழியில் எங்கே தொலைந்தது என்பது தெரியாது.

கடைசியில் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? டேட்டா சென்டருக்குள் நூறு மீட்டர் கண்ணாடி இழையைக் கடக்க வெளிச்சத்துக்கு ஆகும் நேரம் அரை மைக்ரோ செகண்ட். வெளியிலிருந்து ஆள் அனுப்பி விசாரிப்பதற்குள் நெரிசல் வந்து மறைந்தே போய்விடும். எனவே 2015 வாக்கில் புது ஸ்விட்சுகளில் வேறொரு முறையைக் காட்டினார்கள். ஓடுகிற பாக்கெட்டிலேயே ஒவ்வொரு ஸ்விட்சும் தன் எண்ணையும், வந்த நேரம் புறப்பட்ட நேரத்தையும் பதிக்கும்; கடைசி ஸ்விட்ச் அதைக் கழற்றி எடுத்துக் கணக்கில் சேர்த்துவிட்டு, செய்தியை மட்டும் உரியவரிடம் கொடுக்கும். இதைப் பற்றிச் சென்னையில் ஒரு கருத்தரங்கில் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க. எங்கப்பா இதைச் சிமினி விளக்குல படிச்சிட்டிருந்தாரு" என்றேன்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. கடைசிக் காலத்தில் ஒருமுறை என் வேலை என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் தபால் வழி தவறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முத்திரை தெளிவா விழுதா?" என்று கேட்டார். "சில சமயம் விழறதில்லைப்பா" என்றேன். "அப்ப யாரையும் அவசரப்பட்டுத் திட்டாதே" என்றார். 2013-க்கு முன்னால் சொன்ன வார்த்தை. அன்றைக்கே காதில் வாங்கியிருக்கலாம்.

நண்பர்களே, சங்கமத்துக்கு வரும்போது அந்தக் கவரைக் கொண்டு வருகிறேன். பின்பக்கத்தைப் பாருங்கள். முத்திரை இன்னும் அழியவில்லை. முன்பக்கத்தில் பின்கோடு இல்லாத இடத்தில், நம் முதல்வர் சிவப்பு மையில் தன் கையால் எழுதிய ஆறு எண் இருக்கும்: 636601.

— வெள்ளக்கடையிலிருந்து வந்த பழைய மாணவன்
பி.எஸ்ஸி. இயற்பியல், 1988–91